ஐஸ் கம்பெனிப் பெட்டியில் ஆயிரம் ஜாம்பிகள்: எந்த வழி எங்கே தேறும்?

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. கம்ப்ரஸர் ரூமை ஒட்டிய சின்ன அறையில், டிபன் டப்பா அளவுப் பெட்டிக்குள் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று ஓடுகிறது. அதில் நான் பைத்தான் மொழியில் எழுதிய கண்காணிப்புக் கருவி. நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு விஷயங்களைப் பார்க்கும்: உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குளிர்ச்சி, சரக்கு அறையின் குளிர்ச்சி, இன்வெர்ட்டர் பேட்டரி, ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், மெமரி கார்டில் மிச்சமிருக்கும் இடம். எல்லாம் சரியென்றால் சுவரில் மாட்டிய பழைய மானிட்டரில் ஆறு பச்சைக் கட்டம். ஒன்று கெட்டாலும் அது சிவப்பாகும், மேனேஜர் அண்ணனுக்கும் எனக்கும் மெசேஜ் வரும்.

ஒருநாள் மத்தியானம் அந்தக் கருவி அப்படியே நின்றுவிட்டது. அது எழுதி வைக்கும் லாக்கின் கடைசி வரியில் 'ரிசோர்ஸ் டெம்ப்ரரிலி அன்அவெய்லபிள்' என்று இருந்தது. புதிதாக ஒரு ப்ராசஸை, அதாவது ஓடும் நிரல் ஒன்றை, தொடங்கப் பார்த்து, முடியாமல் கையை விரித்திருக்கிறது. நான் இருப்பது ராமநாதபுரம் டவுனில். மண்டபம் சுமார் 35 கிலோமீட்டர். பஸ் ஏறுவதற்கு முன் இங்கிருந்தே உள்ளே நுழைந்து ப்ராசஸ் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். திரை நிற்காமல் ஓடியது. ஒரே பெயர், ஆயிரம் வரி. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'டிஃபங்க்ட்', நிலை என்ற பத்தியில் 'இசட்'. அத்தனையும் ஜாம்பி, அதாவது செத்தும் பட்டியலை விட்டுப் போகாத ப்ராசஸ்.

ஜாம்பியை ஒழிக்க வழி ஏழெட்டு இருக்கிறது. அவற்றில் பாதியை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகவே சூடுபட்டேன். இதே மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டு எதைச் செய்வது என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நோட்டில் நிற்கும் வரி

ஜாம்பி என்றதும் அது மெமரியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐஸ் கம்பெனியின் கடன் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். படகு ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிறது, நோட்டில் ஒரு வரி விழுகிறது. படகு கரை திரும்பியாச்சு, ஐஸ் கரைந்து ஓடியாச்சு. ஆனாலும் கணக்குப்பிள்ளை அந்த வரியைப் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்து, குறுக்கே கோடு போட்டு அடிக்கிறவரை வரி நோட்டிலேயே நிற்கும்.

பெட்டியை இயக்கும் லினக்ஸிலும் இதே கதைதான். ஒரு ப்ராசஸ் இன்னொன்றைத் தொடங்கினால், தொடங்கியது தாய், தொடங்கப்பட்டது பிள்ளை. பிள்ளை ப்ராசஸ் முடிந்ததும் அதன் மெமரி, திறந்து வைத்த ஃபைல்கள் எல்லாவற்றையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வாங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது ப்ராசஸ் அட்டவணையில் ஒரு வரி: அதன் எண், எவ்வளவு சிபியூ நேரம் செலவழித்தது, எப்படி முடிந்தது என்று சொல்லும் எக்ஸிட் கோட். தாய் ப்ராசஸ் 'வெயிட்' என்று கூப்பிட்டு அந்தச் சேதியை வாங்கிக்கொண்டால் வரி அழியும். வாங்காதவரை அது இசட்.

ஒன்றிரண்டு ஜாம்பியால் குடி முழுகிவிடாது. நோட்டில் பக்கம் தீரும்போதுதான் வம்பு. லினக்ஸில் ப்ராசஸ் எண்களுக்கு வெகுகாலம் 32,768 தான் வழக்கமான உச்சம். 64 பிட் கணினிகளில் அதை 41,94,304 வரை ஏற்றலாம். என் பெட்டி அந்த எல்லைப் பக்கமே போகவில்லை. பின்னணியில் ஓடும் நிரல்களை, அதாவது சர்வீஸ்களை, தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனியாக ஒரு வரம்பு வைக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால், அந்தக் கணினி மொத்தமாகத் தாங்கும் எண்ணிக்கையில் 15 விழுக்காடு. 1 ஜிபி மெமரி உள்ள அந்தச் சின்னப் பெட்டியில் இது ஆயிரத்தை ஒட்டி நின்றது. செத்தும் அடிக்கப்படாத வரிகளும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆயிரம் எப்படிச் சேர்ந்தது? வாட்ச்மேன் அண்ணன் சாயங்காலம் 7 மணிக்கு போனை சார்ஜில் போட வேண்டும். அறையில் இருப்பது ஒரே பிளக். கேமரா ரெக்கார்டரைப் பிடுங்கிவிட்டு அதில் சார்ஜரைச் செருகியிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ரெக்கார்டர் சோதனை பதில் வராமல் தொங்கும். 10 விநாடி பார்த்துவிட்டு என் கருவி அதைக் கொல்லும். கொன்றதோடு சரி, அப்புறம் வெயிட் கூப்பிடவில்லை. மணிக்கு 60. மறுநாள் மத்தியானம் 12 மணிக்கு 1,020. கணக்கு இடிக்காமல் பொருந்தியது.

இதில் என் தலைவலியைக் கூட்டிய இன்னொரு விஷயம் உண்டு. பைத்தானில் ஒரு பிள்ளையை வெயிட் கூப்பிடாமல் கைவிட்டாலும், அடுத்த பிள்ளையைத் தொடங்கும்போது பழையதைப் பைத்தானே துடைத்துவிடும். அதனால் பலருடைய நிரலில் இந்தப் பிழை வெளியே தெரிவதே இல்லை. நானோ, பின்னால் பார்க்க உதவும் என்று ஒவ்வொரு சோதனையின் பிடியையும் (அந்தப் பிள்ளையைக் குறிக்கப் பைத்தான் நம் கையில் தருவது) ஒரு லிஸ்டில் போட்டு வைத்திருந்தேன். பிடி நம் கையில் இருக்கும்வரை பைத்தான் அதைத் தொடாது.

கில் 9, ரீஸ்டார்ட், வரம்பை ஏற்றுதல்

எல்லோரும் முதலில் செய்வது, ப்ராசஸை உடனே சாகச் சொல்லிச் சிக்னல் அனுப்பும் கட்டளையான கில் 9. செத்த பாம்பை அடிப்பது என்பார்களே, அதுதான் இது. சிக்னலை வாங்க உள்ளே ஆள் இல்லை. அனுப்பலாம், பிழைச்செய்திகூட வராது, வரி மட்டும் அப்படியே நிற்கும்.

தாயைக் கொன்றால் வேலை நடக்கும். தாய் போனதும் பிள்ளைகள் எல்லாம், கணினி கிளம்பும்போது முதலில் தொடங்கும் எண் 1 ப்ராசஸின் பொறுப்புக்குப் போய்விடும், அது உடனே வரிகளை அடித்துவிடும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதில் நடப்பது இதுவே. இதைத் தினம் ராத்திரி 3 மணிக்கு நடக்கும்படி, நேரம் குறித்து வேலையை ஓட்டும் க்ரானில் போட்டுவிடுவது நம் ஊரில் மிகப் பரவலான வைத்தியம். கேலிக்காகச் சொல்லவில்லை, மூல நிரல் கையில் இல்லாத கருவிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்னொரு இடத்தில் யுபிஎஸ்ஸோடு வந்த ஒரு மூடிய மென்பொருள் நாளுக்கு ஒன்றிரண்டு ஜாம்பியை விட்டுவைக்கிறது. ஞாயிறு விடிகாலை ஒரு ரீஸ்டார்ட் போட்டிருக்கிறேன், அதற்குமேல் அதை யோசிப்பதில்லை. க்ரான்கூட வேண்டாம், இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடாதே என்று சிஸ்டம்டியிலேயே ஒரு வரம்பு வைத்து, நின்றால் மறுபடி தொடங்கு என்றும் சொல்லிவிடலாம்.

ஐஸ் கம்பெனிக்கு இது சரிப்படாது. ராத்திரி 3 மணிக்குத் துடைத்தால், 3 மணியிலிருந்து 17 மணி நேரம் கழித்து, அதாவது ராத்திரி 8 மணிக்கு மறுபடி முட்டும். அப்புறம் இன்னொன்று: தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் மெசேஜ் அனுப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். ரீஸ்டார்ட் ஆனால் அந்த எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

வரம்பை ஆயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்கு ஏற்றுவதும் ஒரு வழியென்று சொல்வார்கள். நோட்டுக்குப் பக்கம் ஒட்டுவது. அவ்வளவுதான்.

ஒரே வரியில் தீரும் வழி, அது வைத்த ஆப்பு

இப்போது நான் சூடுபட்ட இடம். பிள்ளை முடிந்ததும் தாய்க்கு ஒரு சிக்னல் வரும். சிக்சைல்டு என்று பெயர். 'இந்தச் சிக்னல் எனக்கு வேண்டவே வேண்டாம்' என்று தாய் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பிள்ளைகள் ஜாம்பியாகவே ஆகாது. கெர்னலே வரியை அடித்துவிடும். நிரலின் தலையில் ஒரே ஒரு வரி. சேர்த்தேன். ரெக்கார்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஜாம்பி பூஜ்யம். மானிட்டரில் ஆறு கட்டமும் பச்சை. ரெக்கார்டர் பிடுங்கிக் கிடக்கும்போது அது எப்படிப் பச்சையாகும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜாம்பியை எண்ணுவதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து விடிகாலை மேனேஜர் அண்ணனின் போன்.

"தம்பி, நம்ம பொட்டி ஆறும் பச்சையாத்தான் காட்டுது. ஆனா கேன்ல ஐஸ் ஓரத்துல மட்டுந்தான் புடிச்சிருக்கு, நடுவுல தண்ணியாவே நிக்குது. இன்னைக்குப் படகு கடலுக்குப் போற நாளுப்பா."

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டிக்குள் உப்புத்தண்ணீரைச் சுழற்றிவிடும் மோட்டார் ராத்திரியில் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. கம்ப்ரஸர் சத்தத்தில் அது நின்றது யார் காதிலும் விழவில்லை. சென்சார் இருந்த பக்கம் தொட்டியின் வெப்பம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இதைக் கண்டு சொல்லத்தானே பெட்டியை வைத்தோம்?

தொட்டிச் சோதனையைத் தனியாகக் கையால் ஓட்டினேன். எக்ஸிட் கோட் 2. கருவியின் லாக்கில் அதே சோதனைக்கு 0. நேகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் காலத்திலிருந்து கண்காணிப்புக் கருவிகளில் ஒரு மரபு இருக்கிறது: 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஆபத்து என்று பிள்ளை கத்திவிட்டுச் செத்திருக்கிறது. தாய் காதில் நலம் என்று விழுந்திருக்கிறது.

காரணம் இது. சிக்சைல்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிள்ளை சாகும்போதே கெர்னல் அதன் வரியை எக்ஸிட் கோடோடு சேர்த்து அடித்துவிடும். அப்புறம் பைத்தான் போய் வெயிட் கூப்பிட்டால், 'அப்படி ஒரு பிள்ளையே இல்லை' என்று பதில் வரும். சி மொழியில் எழுதியிருந்தால் இந்த இடத்தில் மைனஸ் 1 கிடைக்கும். ஏதோ கோளாறு என்றாவது தெரியும். பிள்ளைகளைத் தொடங்க உதவும் பைத்தானின் சப்ப்ராசஸ் நூலகமோ, நிலையை அறிய வழியில்லை என்று முடிவுசெய்து, கோடை 0 என்று வைத்துக்கொள்கிறது. மற்ற நிரல்களில் இது பெரிய பாதகமில்லை. கண்காணிப்புக் கருவியில் 0 என்பதற்கு 'எல்லாம் நலம்' என்று அர்த்தம்.

எனவே என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாம்பி என்பது குப்பை இல்லை, பிரித்துப் படிக்காத தபால். கண்காணிப்புக் கருவிக்கு அந்தத் தபால்தான் பிழைப்பே. தபாலைப் படித்துவிட்டு வரியை அடிக்கிற வழியையும், படிக்காமலே கிழித்துப் போடுகிற வழியையும் 'ஜாம்பி போயிடுச்சா?' என்ற ஒரே கேள்வியால் எடைபோடக் கூடாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகி ரயிலை நிறுத்தி வந்தது. அந்தக் காற்றுமானியின் கம்பி அறுந்தால் சிக்னல் பச்சையிலேயே நிற்கும்படி ஒருவர் வடிவமைத்திருந்தால் அவரை என்ன சொல்வோம்? நான் செய்தது அதைத்தான்.

சோதனை முடிவு எதுவும் தேவையில்லாத இடத்தில், சும்மா ஒரு ஒலியை எழுப்புகிற மாதிரிப் பிள்ளைகளை மட்டும் தொடங்கும் நிரலில், இந்த ஒரு வரி போதும், தாராளமாகப் போடலாம். பிள்ளையின் எக்ஸிட் கோடை ஒரே ஒரு இடத்தில் படித்தாலும் வேண்டாம்.

சிக்னலைக் கேட்டு வாங்குவது

அடுத்த வழி, சிக்னலைப் புறக்கணிக்காமல் கேட்டு, வரும்போதெல்லாம் வெயிட்பிட் (வெயிட்டின் இன்னொரு வகை) கூப்பிட்டு வரியை அடிப்பது. பாடப்புத்தகங்களில் இதுதான் முதல் விடை. இரண்டு குழி உண்டு. இந்தச் சிக்னல்கள் வரிசையில் நிற்காது. ஒரே நேரத்தில் மூன்று பிள்ளை முடிந்தால் ஒரு சிக்னல் மட்டும் வந்து சேரலாம். அதனால் ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. இனி யாரும் இல்லை என்று பதில் வரும்வரை, காத்திருக்காத வகையில், திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். நிமிடத்தின் தொடக்கத்தில் ஆறு சோதனைகளும் ஒன்றாகக் கிளம்பும் என் கருவியில் இது நிச்சயம் நடக்கும்.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். 'எந்தப் பிள்ளையானாலும் கொடு' என்று வாங்கினால், சப்ப்ராசஸ் நூலகம் காத்திருக்கும் பிள்ளையின் சேதியையும், சிக்னல் வந்தால் ஓடும் நம் ஹேண்ட்லர் பிடுங்கிக்கொள்ளும். நூலகம் அப்புறம் வந்து கேட்கும். இல்லை என்று பதில் வரும். மறுபடி அதே 0. ஒரே கடன் நோட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் கோடு போட்ட கதை. சியில் எல்லாவற்றையும் நீங்களே எழுதியிருந்தால், எந்த எண் எந்தச் சோதனை என்ற பட்டியலும் உங்களிடமே இருந்தால், இந்த வழி கச்சிதமானது. பைத்தானில் நூலகத்தோடு கலந்து போட்டால் விவகாரம். நான் இதை எழுதி, அரை நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.

பிழை நடந்த இடத்திலேயே கை வைப்பது

கடைசியில் தேறியது, அழகில்லாத வழிதான். எங்கே கொல்கிறோமோ அங்கேயே வெயிட் கூப்பிடு. பைத்தானில் சப்ப்ராசஸின் 'ரன்' என்ற கட்டளைக்கு டைம்அவுட் (நேர வரம்பு) கொடுத்தால், நேரம் கடந்ததும் அதுவே கொன்று, அதுவே காத்திருந்து, வரியை அடித்துவிட்டுத்தான் நம்மிடம் பிழையைச் சொல்லும். நானோ 'பீஓப்பன்' என்ற கீழ்மட்டக் கருவியை எடுத்துக்கொண்டு, கொல்வதை எழுதி, காத்திருப்பதை மறந்திருந்தேன். பலருக்கு 'ரன்'னுக்கு மாறினாலே வேலை முடிந்தது. மூன்று வரி மாற்றம்.

எனக்கு அதோடு முடியவில்லை. என் சோதனைகளில் இரண்டு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் என்ற நிரல் வரிசையாக ஓட்டும் கட்டளைப் பட்டியல். ரவுட்டரைப் பார்க்கும் ஸ்கிரிப்ட் உள்ளே, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைத் தொடங்கும். டைம்அவுட்டில் நான் கொல்வது ஷெல்லை, பிங் பேரப்பிள்ளை. ஷெல் போனதும் அது அநாதையாகி எண் 1 இடம் போய், பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது ஜாம்பிகூட இல்லை, உயிரோடு திரிவது, மெமரியும் தின்னும். இதற்கு மருந்து, ஒவ்வொரு சோதனையையும் தனி செஷனில், அதாவது தனிக் கூட்டமாக, தொடங்கி, கொல்லும்போது அந்தக் கூட்டத்தையே சேர்த்துக் கொல்வது. ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் 'எக்ஸெக்' போட்டு ஷெல்லின் இடத்தில் பிங்கையே உட்கார வைப்பதும் உதவும்.

இன்னும் ஒரு நுணுக்கம். மெமரி கார்டோ சென்சாரோ பதில் தராமல் மாட்டிக்கொண்டால், அதைப் படிக்கும் ப்ராசஸ் 'டி' நிலைக்குப் போகும். கில் 9 கூட அப்போது எடுபடாது. சாதனம் விடுவித்தால்தான் சாகும். அந்த நேரத்தில் 'கொன்றுவிட்டேன், சாகும்வரை காத்திருக்கிறேன்' என்று தாய் உட்கார்ந்தால் மொத்தக் கருவியும் உட்கார்ந்துவிடும். அதனால் கொன்ற பிறகு 2 விநாடி மட்டும் காத்திருக்கிறேன். அதற்குள் சேதி வரவில்லையென்றால் அந்தச் சோதனைக்கு 3, அதாவது தெரியவில்லை, என்று எழுதிவிட்டு, பிடியை ஒரு சின்ன லிஸ்டில் வைத்து அடுத்த நிமிடம் மறுபடி கேட்கிறேன். அது போகும்வரை அதே சோதனையை மறுபடி தொடங்குவதில்லை. முதல் பதிப்பில் இருந்த லிஸ்டுக்கும் இதற்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; இதை யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வழிக்கு ஆன செலவு ஒரு சாயங்காலம். குறை என்னவென்றால், பிள்ளையைத் தொடங்கும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். என் நிரலில் இரண்டே இடம். நாற்பது இடம் இருக்கிற பழைய நிரலில் இது வேறு கணக்கு. முதலில் எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகவைக்க வேண்டியிருக்கும்.

டாக்கர்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ராமநாதபுரத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தின் சர்வரில் இதே கருவியை டாக்கரில் ஓட்டுகிறேன். நிரலைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் வைத்து ஓட்டும் மென்பொருள் அது. அங்கே சிக்கலின் முகம் வேறு. கன்டெய்னருக்குள் எண் 1 ப்ராசஸ் என் கருவிதான். அநாதைகள் எல்லாம் அதன் தலையில் விழும். தான் பெறாத பிள்ளைகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, வெயிட் கூப்பிடாது, ஜாம்பி சேரும். டாக்கரில் கன்டெய்னரைத் தொடங்கும்போது 'இனிட்' என்று ஒரு விருப்பம் கொடுத்தால், டினி என்ற குட்டி நிரல் எண் 1 ஆக உட்கார்ந்து அநாதைகளை அடக்கம் செய்யும். 2017இல் வந்த 1.13 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. ஒரு சொல் சேர்த்தால் போதும், யோசிக்காமல் போடலாம்.

ஆனால் இது போட்டால் எல்லா ஜாம்பியும் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. டினி எடுத்துக்கொள்வது அநாதைகளை மட்டும். தாய் உயிரோடு இருந்து, வெயிட் கூப்பிட மறந்தால், டினியால் ஒன்றும் செய்ய முடியாது. பெற்றவள் இருக்கும்போது மற்றவர் கொள்ளி வைக்க முடியாது. என் முதல் பிழை டாக்கருக்குள் டினியோடு ஓடியிருந்தாலும் அதே 17 மணி நேரத்தில் ஆயிரத்தைச் சேர்த்திருக்கும். எண் 1க்குப் பதில் வேறொரு ப்ராசஸ் அநாதைகளை ஏற்க வழிசெய்யும், லினக்ஸ் 3.4இல் வந்த சப்ரீப்பர் வசதிக்கும், வேண்டுமென்றே இரண்டுமுறை ஃபோர்க் செய்து (பிள்ளையைப் பிரித்துத் தொடங்கி) பேரப்பிள்ளையை அநாதையாக்கிவிடும் பழைய தந்திரத்துக்கும் இந்த ஊரிலேயே இடம். இரட்டை ஃபோர்க்கில் எக்ஸிட் கோட் எண் 1க்குப் போய்விடும், நமக்கு வராது. சேதி வேண்டுமென்றால் பைப் (ப்ராசஸ்களுக்கிடையே தகவல் போகும் குழாய்) வைத்து வேறு வழியாக வாங்க வேண்டும். என் தீர்ப்புப்படி அதற்கும் பாதி மதிப்பெண்தான்.

பிள்ளையே வேண்டாம் என்றால்

சோதனைக்கு ஒரு பிள்ளையைத் தொடங்கியே தீர வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். மெமரி கார்டின் மிச்ச இடத்தைப் பைத்தானிலேயே ஒரு வரியில் கேட்கலாம். இதற்கு ஒரு ஸ்கிரிப்ட்டை வைத்திருந்தது சோம்பல். ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அதன் ஒரு போர்ட்டில் 3 விநாடி வரம்போடு இணைப்புப் போட்டுப் பார்த்தால் போதும், பிங் வேண்டாம். பேட்டரியும் அப்படியே. ஆறில் மூன்று பிள்ளையில்லாத சோதனை ஆயிற்று. சின்னப் பெட்டியில் நிமிடத்துக்கு மூன்று ப்ராசஸ் குறைந்தது நல்ல லாபம். பிறக்காத பிள்ளை ஜாம்பியாகாது.

தொட்டிச் சென்சாரை அப்படி மாற்றவில்லை. அந்த ஒன்-வயர் சென்சார் நல்ல நிலையில் ஒருமுறை அளக்கவே முக்கால் விநாடி எடுக்கும். கடலோரத்தில் கம்பி முனை எத்தனை நாள் நல்ல நிலையில் இருக்கும்? உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடுகிறது. டேப் சுற்றினாலும் உள்ளே ஏறிவிடுகிறது. அப்புறம் படிப்பது இழுத்துக்கொண்டே போகும். அது கருவிக்குள்ளேயே நடந்தால் மற்ற ஐந்து சோதனையும் சேர்ந்து நிற்கும். பிள்ளை ப்ராசஸ் என்பது ஒரு தடுப்புச் சுவர். நம்ப முடியாத சாதனத்தை அந்தச் சுவருக்கு அப்பால் வைப்பதே நல்லது. சரக்கு அறைச் சோதனைக்கும் ரெக்கார்டருக்கும் அதே முடிவு.

சிஸ்டம்டியிடம் ஒப்படைப்பது

எனக்கு மனதுக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் இன்னும் செய்யவில்லை. ஒவ்வொரு சோதனையையும் சிஸ்டம்டியில் ஒரு டைமராகவும் ஒருமுறை ஓடி முடியும் சர்வீஸாகவும் எழுதிவிட்டால் தாய் வேலை சிஸ்டம்டியுடையது. அது வெயிட் கூப்பிட மறக்காது. டைம்அவுட் ஆனால் பேரப்பிள்ளை வரைக்கும் கூட்டத்தோடு கொல்லும். எப்படி முடிந்தது என்ற கோடையும் வைத்திருந்து, கேட்டால் சொல்லும். என் கருவி அதைப் படித்துக் கட்டத்துக்கு வண்ணம் பூசினால் போதும்.

இதற்கு விலை உண்டு. ஆறு சோதனை, நாளுக்கு 1,440 நிமிடம்: 8,640 தொடக்கம், ஒவ்வொன்றுக்கும் லாக்கில் சில வரி. மெமரி கார்டு தேயும். லாக்கைக் கார்டில் எழுதாமல் மெமரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கரண்ட் போனால் லாக்கும் போகும், நம் பக்கம் கரண்ட் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'தொடர்ந்து மூன்று முறை' என்ற கணக்கையும் ஒரு ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். மொத்தத்தில் கருவியைப் பாதி திருப்பி எழுதுகிற வேலை. தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகளுக்கு மட்டும் ஐஸ் போகும். தொட்டியை வடித்துக் கழுவுவதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான். இதையும் அந்தக் கணக்கில் தள்ளி வைத்திருக்கிறேன்.

கருவியையே மாற்றி ஸாபிக்ஸ், மோனிட் மாதிரி ஆயத்தக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றைப் போடேன் என்று நண்பர்கள் சொன்னார்கள். பத்து இருபது கணினி இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒரு டிபன் டப்பாவுக்கு அவ்வளவு வேண்டாம் என்று தோன்றியது. நாமே எழுதும் சோதனை ஸ்கிரிப்ட்டுகள் அங்கேயும் இதே பேரப்பிள்ளைச் சிக்கலைக் கொண்டுவரும் என்பதும் ஒரு காரணம்.

இப்போது என்ன ஓடுகிறது

ஐஸ் கம்பெனியில், கொன்ற இடத்திலேயே காத்திருக்கும் திருத்தம், கூட்டத்தோடு கொல்வது, மூன்று சோதனைக்குப் பிள்ளை இல்லாமை. ஏற்றுமதி அலுவலகத்தில் இதோடு டினி. மூடிய மென்பொருளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட். உங்களுடைய நிரல் உங்கள் கையில் இருந்து, எக்ஸிட் கோடைப் படிக்கிற கருவியாக இருந்தால் நானும் இதே வரிசையில்தான் போகச் சொல்வேன்.

ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: ஜாம்பி எண்ணிக்கை. முதலில் ஒன்று கண்டாலே சிவப்பு என்று வைத்தேன். நாளுக்குப் பத்து முறை மெசேஜ் வந்தது. பிள்ளை செத்து, தாய் வந்து சேதி வாங்குவதற்குள் ஒரு கண இடைவெளி எப்போதும் இருக்கும், அந்தக் கணத்தில் பார்த்தால் இசட் தெரியத்தான் செய்யும். இப்போது ஒரே எண் 5 நிமிடத்துக்கு மேல் இசட்டாக நின்றால் மட்டும் சிவப்பு. இரண்டு மாதமாகச் சிவப்பாகவில்லை. சோதனையே சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வெயிட் கூப்பிடாத ஒரு குட்டி நிரலை மாதம் ஒருமுறை நானே ஓட்டி, மெசேஜ் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

ரெக்கார்டர் கட்டம்தான் இன்னமும் சில ராத்திரி சிவப்பாகிறது. வாட்ச்மேன் அண்ணனுக்கு நாலு பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது இப்போது மேனேஜர் அண்ணன் அறையில் இருக்கிறது. அதில் டேபிள் ஃபேன் ஓடுகிறது.